தோல் சீட்டு வாங்கலாமா? முதலில் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

நெடுந்தூரம் ஓட்டத் தொடங்கிய தம்பிகள் யாராவது மாதம் ஒருமுறையாவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "அண்ணா, அறுபது கிலோமீட்டர் தாண்டினா உட்கார முடியல. ப்ரூக்ஸ் தோல் சீட்டு வாங்கிடலாமா?" விலை, எடை, நிறம் எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரி சைக்கிள எங்கப்பா நிறுத்துற?"

வீட்டுக்குள்ளேயா, மாடிப்படிக்குக் கீழேயா, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சாரல் அடிக்கும் ஓரத்திலா, அலுவலக வாசலில் நாள் முழுக்க வெயிலிலா? இது தெரிந்தால் பாதி முடிவாகிவிடும். மீதியை உங்கள் எலும்பின் அகலமும் ஹேண்டில்பாரின் உயரமும் முடிவு செய்யும். எந்த கம்பெனி, எந்த நிறம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தோல் சீட்டைப் பலரும் ஒருவகை மெத்தை என்று நினைத்து வாங்குகிறார்கள். அதில் பஞ்சும் இல்லை, பிளாஸ்டிக் அடித்தட்டும் இல்லை. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே துண்டு மாட்டுத்தோல். முன்மூக்கிலிருந்து பின்பக்கம் வளைந்திருக்கும் இரும்புத் தகடு வரை அதை இழுத்து ரிவிட் அடித்திருப்பார்கள். இடையில் தாங்குவதற்கு ஒன்றும் கிடையாது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். புதுக்கட்டில் விறைப்பாக முதுகை உறுத்தும். படுத்துப் படுத்து உடம்புக்கு ஏற்ற பள்ளம் விழும். ஒருநாள் தொய்ந்துபோகும், கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுவோம். சீட்டின் மூக்குக்கு அடியில் இருக்கும் டென்ஷன் போல்ட் அந்தக் கால்மாட்டுக் கயிறுதான்.

இந்தப் பள்ளம் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பராமரிப்பு முழுவதும் தானாகவே புரிந்துவிடும். இன்று நாம் போடும் ஷூவின் மேல்தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், நனைந்து காய்ந்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். சீட்டுக்கு எடுப்பது தாவரச் சாற்றில் பதனிட்ட தோல். இந்த முறை நமக்குப் புதிதில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் நம் ஊரிலிருந்து ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் போனது. இப்படிப் பதனிட்ட தோலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: ஈரமானால் இளகும், அந்த நிலையில் எந்த வடிவத்தில் வைக்கிறீர்களோ, காய்ந்தபின் அதிலேயே நின்றுவிடும். தொழிற்சாலையில் தோலை ஊறவைத்து அச்சில் அழுத்தி சீட்டின் வடிவத்தைக் கொண்டுவருவது இந்தக் குணத்தை வைத்துத்தான். உங்கள் வியர்வையும் உடல்சூடும் எடையும் சேர்ந்து மாதக்கணக்கில் இரண்டு சிறு குழிகளை உண்டாக்குவதும் இதனால்தான். தொப்பலாக நனைந்த சீட்டின் மேல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து ஓட்டினால் ஒரே நாளில் அது பாழாவதற்கும் காரணம் இதே குணம்தான்.

பாழாக்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். என் முதல் தோல் சீட்டு. நவம்பர் மாதம், திண்டிவனம் போய்ப் பாண்டிச்சேரி வழியாக ஈ.சி.ஆரில் திரும்பும் ஓட்டம். மரக்காணம் தாண்டியதும் பிடித்த மழை விடவே இல்லை. மேலே கவர் போட்டிருந்தேன், அந்தத் தைரியத்தில் ஓட்டிக்கொண்டே வந்தேன். சைக்கிளில் மட்கார்டு இல்லை. பின்சக்கரம் வாரி அடித்த தண்ணீர் முழுக்க சீட்டின் அடிப்பக்கம் போனது. மெழுகு போடாத, வழவழப்பில்லாத அந்தப் பக்கம் மையொற்றும் தாள் மாதிரி உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் காலையில் பார்த்தால் நடுப்பகுதி கன்னம் ஒட்டினதுபோல் உள்ளே போயிருந்தது, பக்கவாட்டு இரண்டும் காது மாதிரி விரிந்திருந்தன. ஈரம் காய்வதற்குள் போல்ட்டை முறுக்கினேன். அதுதான் இரண்டாவது தவறு. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு எழும்பியது, அதற்கப்புறம் அதில் உட்கார முடியவில்லை. இரண்டு பக்கமும் துளை போட்டு ஷூ லேஸால் அடியில் இழுத்துக் கட்டிப் பார்த்ததில் இன்னும் ஆறு மாதம் வந்தது, அவ்வளவுதான்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். பார்சல் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, மெல்லிய துணி உடுத்தி அதன்மேல் உட்காருங்கள். கைகளால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்து உடம்பைக் கீழே இழுத்துக்கொண்டு, ஓட்டும்போது எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனிந்து ஒரு நிமிடம் இருங்கள். எழுந்ததும் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு குழிகள் தெரியும். விரலால் தடவினால் இன்னும் நன்றாகவே தெரியும். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை அளந்து எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் உட்காரும் எலும்புகளின் இடைவெளி. தோல் சீட்டில் இந்த அளவு மிக முக்கியம். பின்தகடு இரும்பு. எலும்பு தோலின் மேல் விழாமல் தகட்டின் விளிம்பில் போய் விழுந்தால் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் பழகாது.

ப்ரூக்ஸ் பி17-இலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். 1866-இல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணமும் தோல்சாமான்களும் செய்யத் தொடங்கிய ஜான் போல்ட்பி ப்ரூக்ஸ், 1882-இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பி17 பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே அவர்கள் பட்டியலுக்கு வந்துவிட்டது. 2002-இல் கம்பெனி இத்தாலியின் செல்லே ராயல் கைக்குப் போனது. தோல் சீட்டுகளின் வேலை பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெதிக்கில் தொடர்ந்தது.

பி17-இன் அகலம் ஏறத்தாழ 175 மில்லிமீட்டர், எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ரேஸ் சைக்கிளில் வரும் சீட்டைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். எடையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவேயில் (நேரக்கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்), கடைசி ஐந்து மணி நேரம் நெளியாமல் உட்கார முடிவது அந்தக் கால் கிலோவைவிடப் பெரிய லாபம். அகலமும் தட்டையான மேற்பரப்பும் ஓரளவு நிமிர்ந்து ஓட்டுபவருக்கானவை: ஹேண்டில்பார் சீட்டின் உயரத்திலோ கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும். ஹேண்டில்பார் நாலு விரற்கடை கீழே இருக்கும் ரோடு பைக்கில் இதைப் போட்டால் தொடை உரசும், முன்பக்கம் அழுத்தும். அப்படி ஓட்டுபவருக்கு அதே ப்ரூக்ஸில் ஒடுக்கமான டீம் ப்ரோவோ ஸ்விஃப்டோ இருக்கிறது. நடுவில் மரத்துப்போகும் தொல்லை உள்ளவர்களுக்கு நடுவில் வெட்டுவிட்ட பி17 உண்டு. அதில் தோல் சீக்கிரம் விரிந்து கொடுக்கும் என்பதால் பக்கவாட்டை அடியில் லேஸால் கட்டியே தருகிறார்கள்.

வாங்கியபின் யாரும் சொல்லாத ஒரு சங்கடம் இருக்கிறது. பி17-இன் அடிக்கம்பிகளில் கிளாம்ப் பிடிக்கக்கூடிய நேர்ப்பகுதி குட்டை. சீட்டைப் பின்னால் தள்ள நினைப்பீர்கள், தள்ள இடம் இருக்காது. கிளாம்ப் பின்னால் தள்ளியிருக்கும் வகை சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) தேவைப்படலாம். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். பொருத்தும்போது மூக்கை ஒரு நூலளவு மேலே தூக்கி வைக்க வேண்டும். மட்டமாக வைத்தால் வழவழப்பான தோலில் முன்னால் சறுக்கிக்கொண்டே இருப்பீர்கள், உடம்பைத் தாங்கித் தாங்கி உள்ளங்கை வலிக்கும். வலியெல்லாம் கையில் என்று வருபவர்களுக்கு இந்த மூக்கை மட்டும் தூக்கிவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

பழகும் காலம் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு இரண்டாவது சீட்டில் எழுநூறு கிலோமீட்டர் ஆனது. அதுவரை தினம் இருபது முப்பது கிலோமீட்டராகப் பிரித்து ஓட்டினேன். புதுத்தோலை எடுத்துக்கொண்டு நேரே 300 கிலோமீட்டர் பிரெவேக்குப் போகாதீர்கள். சீக்கிரம் பழகட்டும் என்று எண்ணெயில் ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

என் தாத்தாவின் ஹெர்குலிஸில் மூன்று ஸ்பிரிங் வைத்த கறுப்புத் தோல் சீட்டு இருந்தது. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் அதற்குக் கை நுனியில் கொஞ்சம் மெழுகு மட்டும் தேய்ப்பார். "தேங்கா எண்ணெய போட்டுடாதீங்கப்பா, தோலு தளந்துரும், எலி வேற கொறிச்சிரும்" என்பார். இரண்டுமே உண்மை. நம் வெக்கையில் தேங்காய் எண்ணெய் உறைவதில்லை. திரவமாகவே உள்ளே இறங்கி, இழுத்து நிற்க வேண்டிய நாரை இளக்கிவிடும். விளக்கெண்ணெய்க்கும் இதே கதைதான். தோல் சீட்டுக்கு வேண்டியது மெழுகு கலந்த, அறைவெப்பத்தில் கெட்டியாக நிற்கும் பூச்சு. ப்ரூக்ஸ் விற்கும் புரூஃபைடில் விலங்குக் கொழுப்பும் மீன் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்ந்திருக்கும். அது வேண்டாம் என்பவர்கள் தேன்மெழுகு அதிகமுள்ள வேறு தோல் பூச்சு எடுத்துக்கொள்ளலாம்.

பூசுவது கால்மணி நேர வேலை. வாங்கியதும் மேலே ஒருமுறை, அடிப்பக்கம் தாராளமாக ஒருமுறை. துணியைவிட விரலே நல்லது. விரல்சூட்டில் மெழுகு இளகித் தோலில் ஏறும். கறுப்பு நகம் இரண்டு நாள் போகாது, பரவாயில்லை. ஓர் இரவு விட்டு, காலையில் பழைய பனியனால் பளபளப்பு வரும்வரை தேய்த்துவிடுங்கள். தேய்க்காமல் விட்டால் பேன்ட்டில் கறை இறங்கும். வெளிர்நிற உடை போட்டு வேலைக்கு ஓட்டுபவர் கறுப்புச் சீட்டைவிடத் தேன்நிறத்தை எடுப்பது நல்லது. அதன்பின் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். மழைக்காலம் தொடங்கும் முன் அடிப்பக்கம் கட்டாயம். டென்ஷன் போல்ட்டை முதல் வருடம் தொடவே வேண்டாம். அப்புறமும் நன்றாகக் காய்ந்த சீட்டில், கால் சுற்று. அதிகமாக முறுக்கினால் மூக்கு ரிவிட் இருக்கும் இடத்தில் தோல் கிழிந்துவிடும்.

கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இன்னொரு எதிரி பூஞ்சை. சைக்கிளைப் பத்துநாள் ஓட்டாமல் பிளாஸ்டிக் கவர் போட்டு மூலையில் வைத்தால், கவரை எடுக்கும்போது சீட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, மெல்லியதாக மெழுகு ஏற்றினால் சரியாகிவிடும். வெயிலில் போட்டுக் காயவைக்கக் கூடாது, வெடிப்பு விடும். கவர் ஓடும்போது மழைக்குத்தான், வீட்டில் அல்ல.

இவ்வளவும் செய்ய மனம் இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் கேட்ட கேள்வி.

அதே பி17 தோலின் பின்பக்கம் இரண்டு சுருள் ஸ்பிரிங் வைத்தால் அது ஃப்ளையர். எடை முந்நூறு கிராமுக்கு மேல் கூடும். குண்டும் குழியுமான கிராமச் சாலை, பின்னால் பை, நிமிர்ந்த ஓட்டம் என்றால் இடுப்பு இதற்கு நன்றி சொல்லும். நல்ல தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்குத் தேவையில்லை, வேகமாக மிதித்தால் துள்ளல் தெரியும். ஸ்பிரிங் கீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள், தோலில் படாமல். முழுக்க நிமிர்ந்து உட்காரும் ஊர்ச் சைக்கிளுக்கு இன்னும் அகலமான பி67 பொருந்தும். அதில் குனிந்து ஓட்ட நினைக்கக்கூட வேண்டாம்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த அமைப்பு பிரான்ஸின் ஜீல் பெர்த்து சீட்டு. பி17-ஐப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. அதற்குக் காரணம் இருக்கிறது: இங்கே ரிவிட் இல்லை, தோலை ஸ்குரூவால் பிடித்திருக்கிறார்கள். தோல் ஒருநாள் போனால் கழற்றிப் புதுத்தோல் மட்டும் மாட்டிக்கொள்ளலாம், சட்டம் அப்படியே இருக்கும். பின்பக்கம் இரும்புத் தகட்டுக்குப் பதில் கெட்டியான கலவைப் பிளாஸ்டிக். பழுதுபார்க்கக் கூடியதாக ஒரு பொருளைச் செய்வதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் இங்கே இருந்துகொண்டு மாற்றுத்தோல் வரவழைப்பது செலவும் காத்திருப்புமான வேலை. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, பத்து வருடம் ஒரே சீட்டை வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு இதைச் சொல்வேன். முதல் தோல் சீட்டாகச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் செல்லே அனட்டாமிகாவில் நடுவே நீண்ட பிளவு இருக்கும், இரண்டு பாதியும் தனித்தனியாக அசைந்து கொடுக்கும், முதல் நாளே சுகம். நண்பர் ஒருவருடையதில் ஒரு நாள் ஓட்டியிருக்கிறேன். அந்த அசைவு சிலருக்குச் சொர்க்கம், எனக்கு ஒட்டவில்லை.

தோலை விட்டு வெளியே வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ப்ரூக்ஸின் கேம்பியம். 2013-இல் வந்தது. தோலுக்குப் பதில் வல்கனைஸ் செய்த, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய இயற்கை ரப்பர், அதன்மேல் பருத்தித் துணி. பிறகு வந்த 'ஆல் வெதர்' வகையில் பருத்திக்குப் பதில் நைலான். அதே கயிற்றுக் கட்டில் அமைப்புதான், ஆனால் மெழுகு வேண்டாம், கவர் வேண்டாம், போல்ட் முறுக்க வேண்டாம், பழக்கவும் வேண்டாம். முதல் நாள் எப்படியோ ஆயிரமாவது நாளும் அப்படியே. அதன் குறையும் இதுதான்: உங்கள் எலும்புக்கேற்ற குழி அதில் விழாது. முதல் வாரத்தில் பிடிக்காவிட்டால் பிறகும் பிடிக்காது. கேம்பியத்தில் பி17-க்கு இணையான சி17-இன் அகலம் பி17-ஐவிட ஒரு சென்டிமீட்டர்போலக் குறைவு, அட்டை அளவைப் பார்த்து வாங்குங்கள். அதன் சொரசொரப்பில் மெல்லிய ஷார்ட்ஸ் சீக்கிரம் தேயும். தோல் பொருள் வாங்குவதில்லை என்று வைத்திருப்பவர்களுக்கும், சைக்கிள் திறந்தவெளியில் நிற்பவர்களுக்கும் யோசிக்காமல் இதைச் சொல்கிறேன். என் அனுபவத்தில் சுகம் என்று பார்த்தால் பழகிய பி17-க்கு இது ஒரு படி கீழே, பழகாத பி17-க்கு இரண்டு படி மேலே.

பஞ்சு வைத்த சாதாரண சீட்டைக் குறைத்துப் பேச மாட்டேன். நன்றாகக் குனிந்து, வேகமாக, மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கும் ஓட்டத்துக்குப் பிளாஸ்டிக் அடித்தட்டும் மெல்லிய பஞ்சும் நடுவில் வெட்டும் உள்ள சீட்டே சரி. தடித்த ஜெல் சீட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கடையில் அழுத்திப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கும். ஒரு மணி நேரத்தில் எலும்பு அமிழ்ந்து, நடுவிலுள்ள ஜெல் மேலே எழும்பி, எடை தாங்கக் கூடாத மெல்லிய சதையில் போய் அழுத்தும். அறுபது கிலோமீட்டரில் உட்கார முடியவில்லை என்று வரும் தம்பிகளில் பாதிப் பேருடைய சைக்கிளில் இதுதான் இருக்கும். அவர்களில் சிலருக்கு அகலம் சரியான ஒரு சாதாரண சீட்டே போதுமானதாக இருந்தது. தோலுக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை.

ஆகவே வீட்டுக்குள் சைக்கிள் வைக்க இடமிருந்து, மட்கார்டு மாட்டத் தயாராக இருந்து, ஹேண்டில்பார் உயரமாகவும் இருந்தால் பி17 எடுங்கள். மட்கார்டை சீட்டுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கேம்பியம், அல்லது அகலம் பார்த்து எடுத்த மெல்லிய பஞ்சுச் சீட்டு. பழைய தோல் சீட்டு மலிவாகக் கிடைத்தால், மூக்கு ரிவிட்டைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, போல்ட்டில் இன்னும் முறுக்க மரை மிச்சமிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்துவிட்டு எடுங்கள். மேல்தோலில் கீறல் ஒரு பொருட்டே இல்லை.

என்னிடம் இப்போது இரண்டு சைக்கிள். பிரெவேக்குப் போகும் சைக்கிளில் ஒன்பது வருடப் பி17. கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தாலும் இரண்டு குழியும் எங்கே என்று தெரியும். அது ஹாலில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஸ்டேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் போகும் சைக்கிளில் கேம்பியம். நேற்று இரவு முழுக்க அது மழையில் நின்றது. காலையில் சட்டைக் கையால் துடைத்துவிட்டு ஏறிப் போனேன்.